ஹார்லெமில் ஒரு ரெக்கோட் தொழிற்சாலை

பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் போகும் உம்மாமார் பெட்டியில் என்னென்ன கட்டிக்கொண்டு போவார்கள் என்பதைச் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சரக்குத்தூள், வெந்தயம், மாசி, பிள்ளையைச் சுற்றிப் பிடிக்கப் பழைய வொயில் சீலைத் துண்டுகள். என் பெட்டியில் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. இரண்டு சீலைகளுக்கு நடுவில், கெட்டி அட்டை வைத்துச் சுற்றிய ஒரு பழைய ரெக்கோட்.

அது என் வாப்பாவுடையது. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய் வந்த கூட்டாளி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. மிஸ்ரு நாட்டுக் காரி ஒருவர் ஓதிய சூரத்து மர்யம். நடுவிலே ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பூச்சி அரித்து விட்டபடியால் காரியின் பெயர் இப்போது வாசிக்க முடியாது. எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிறகு அந்தத் தட்டுச் சுற்றும். உம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்பா.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். துடைத்து வைக்கிறேன் என்று அதை எடுத்து, யன்னல் கட்டில் வைத்து விட்டு விளையாடப் போய்விட்டேன். காத்தான்குடியின் சித்திரை வெயில் பற்றிச் சொல்ல வேண்டுமா? திரும்பி வந்து பார்த்தபோது தட்டின் விளிம்பு, வெயிலில் போட்ட பப்படம் போல அலையலையாக வளைந்து கிடந்தது. நான் அழுத அழுகைக்கு வாப்பா ஏசவில்லை. "மகள், அது இனிச் சரி வராது, விடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ரெக்கோட்டில் ஊசி விளிம்பிலிருந்து உள்ளே போகும். ஆகவே சூராவின் ஆரம்பம்தான் பழுதாய்ப் போனது. ஊசி அந்த இடத்தில் துள்ளித் துள்ளி விழும். அன்றிலிருந்து வாப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அந்த முதல் ஆயத்துகளைத் தானே ஓதுவார். ஓதி முடிந்ததும் வளைவு தாண்டிய இடத்தில் ஊசியை மெதுவாக இறக்குவார். காரி அங்கிருந்து தொடருவார். தட்டைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கத்துக்கும் அப்படியே.

1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியில் எங்கள் கூரை போனது, பாட்டுப்பெட்டியும் போனது. தட்டு அலுமாரிக்குள் இருந்ததால் தப்பியது. பிறகு வீட்டுக்குக் கெசட் ரேடியோ வந்துவிட்டது. சவூதிக்குப் போனவர்கள் எல்லோர் வீட்டிலும் அது வந்த காலம். வாப்பா வபாத்தாகி வருடங்கள் பல. (அல்லாஹ் அவருடைய கப்றை வெளிச்சமாக்குவானாக.) தட்டு மட்டும் என்னிடம் இருந்தது, கேட்பதற்கு வழியில்லாமல்.

மகள் ஒல்லாந்தில் ஹார்லெம் என்ற ஊரில் குடியிருக்கிறா. அவ ஒருநாள் போனில், "உம்மா, இங்க ரெக்கோட் செய்ற பெக்டரி ஒண்டு இருக்கு. பக்கத்து வீட்டுப் பொம்புள அங்கதான் வேல செய்றா" என்று சொன்னதிலிருந்து என் மனசில் ஓர் ஆசை. அந்தத் தட்டைத் திரும்ப அடிக்க முடியுமா?

ஹார்லெம், ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் பதினைந்து இருபது நிமிடத்தில் வரும் ஊர். ஸ்பார்னே என்ற ஆறு ஊருக்குள்ளால் வளைந்து போகிறது. ஒல்லாந்தர் நம் நாட்டை ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். நெடுந்தீவு டெல்ப்ட், வேலணை லைடன். அந்த லைடன் இங்கிருந்து ரயிலில் பக்கம்தான்.

ஊரின் நடுச் சந்தையில் பெரிய தேவாலயம். அதன் அருகே லோரன்ஸ் யான்சோன் கோஸ்டர் என்பவருடைய சிலை, கையில் ஓர் அச்செழுத்தைத் தூக்கிப் பிடித்தபடி. அச்சுக்கலையை உலகுக்குத் தந்தவர் இவரே என்று இந்த ஊரார் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை, அந்தப் பெருமை ஜெர்மனியின் குட்டன்பர்க்குக்கே போகிறது. ஆனாலும் சிலையை யாரும் இறக்கவில்லை! அச்சுக்கும் இந்த ஊருக்கும் உறவு பொய்யுமல்ல. என்ஸ்கெடே என்ற குடும்பம் 1703இல் இங்கே அச்சகம் தொடங்கிப் பிற்காலத்தில் ஒல்லாந்தின் காசுத்தாள்களையே அச்சடித்தது. நான் பார்க்கப் போன ரெக்கோட் தொழிற்சாலை இருக்கும் தெருவுக்கும் அந்தக் குடும்பத்தவர் ஒருவருடைய பெயர்தான்.

பேரன் பிறந்து நாற்பது கழிந்த பிறகு, அல்ஹம்துலில்லாஹ் தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க, ஒரு காலை நேரம் பிள்ளையை மருமகனிடம் விட்டுவிட்டு நானும் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு புறப்பட்டோம். தட்டு என் கைப்பையில். ஆற்றுக்கு அப்பால் வார்டர்போல்டர் என்ற தொழிற்பேட்டை. "போல்டர்" என்றால் தண்ணீரை வெளியேற்றிக் காயவைத்து எடுத்த நிலமாம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அந்தத் தொழிற்சாலையில் அடிக்கப்படுவதில் பெரும்பகுதி மேல்நாட்டுப் பாட்டு. பாட்டு, வாத்தியம் பற்றி மார்க்கத்தின் நிலைப்பாட்டை வாசகியர் அறிவீர்கள். அதை நான் இங்கே பேச வரவில்லை. நான் பார்க்கப் போனது ஒரு கைத்தொழிலை. ஒரு குரல் எப்படி ஒரு தட்டுக்குள் போகிறது என்பதை.

தொழிற்சாலையின் பெயர் ரெக்கோர்ட் இண்டஸ்ட்ரி. 1958இல் ஆர்டோன் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் சிபிஎஸ் கம்பனியின் கைக்குப் போய், அதன்பின் ஜப்பானின் சோனியின் கைக்கு வந்தது. 1982இல் சீடியைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் அதே சோனி. மற்றவர் இதே ஒல்லாந்தின் பிலிப்ஸ். நம் வீடுகளில் ரெக்கோட்டை ஓரங்கட்டிய கெசட்டும் 1963இல் பிலிப்ஸ் வெளியிட்டதே. ஆக ரெக்கோட்டுக்கு இரண்டு தரம் குழி தோண்டிய நாட்டில்தான் ரெக்கோட் இன்றும் அடிக்கப்படுகிறது. 1998இல் சோனிக்கு இந்தத் தொழிற்சாலை வேண்டாமல் போனபோது டோன் வெர்மூலன் என்பவர் அதை வாங்கினார். அந்த நேரம் பலருக்கு அது வீண் வேலையாகத் தோன்றியிருக்கும். 2022இல் அமெரிக்காவில் விற்ற ரெக்கோட்டுகளின் எண்ணிக்கை சீடிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது, 1987க்குப் பிறகு முதல் தடவையாக. நாம் பரணில் போட்டதை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இனித் தொழிலுக்கு வருகிறேன்.

முதலில் ஒரு அலுமினியத் தட்டு. அதன்மேல் கண்ணாடி போல வழவழவென்று லாக்கர் பூசியிருக்கும். நகப்பூச்சை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த இனம்தான். அதைச் சுழல விட்டு, சூடாக்கிய ஒரு கூர்மையான கல்லால் வரி கீறுகிறார்கள். குரல் எப்படி அதிர்கிறதோ அப்படியே அந்தக் கல்லும் அதிர்கிறது. அந்த அதிர்வே வரியின் இரு சுவரிலும் நெளிவாகப் பதிகிறது. வரியின் அகலம் நம் தலைமுடியளவு இருந்தால் அதிகம். ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் ஓதல் இருந்தால் கீறுவதற்கும் இருபது நிமிடமே ஆகும், அவசரப்படுத்த முடியாது. கீறக் கீற மயிர் போன்ற ஒரு கறுப்பு நூல் எழும்புகிறது. அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த நூல் நெருப்புக்கு மிகவும் பயந்த பொருள்.

ரெக்கோட்டில் பல வட்டங்கள் இருப்பதாகத்தான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அப்படியல்ல. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே வரி, சுற்றிச் சுற்றி. அதை நீட்டிப் பிடித்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் வரும்.

இந்த லாக்கர் தட்டைச் செய்பவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. 2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் பான்னிங் என்ற ஊரில் இருந்த அப்போலோ என்ற தொழிற்சாலை எரிந்து போனது. அதற்குப் பிறகு மிஞ்சியது ஜப்பானில் ஒன்றுதான். உலகத்து ரெக்கோட் தொழில் எல்லாம் அந்த ஒரு இடத்தை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. லாக்கர் இல்லாமல் செம்புத் தகட்டில் நேரே கீறும் முறை ஒன்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்தது. அதற்குரிய இயந்திரங்கள் உள்ள இடங்களும் சிலவே.

லாக்கர் மெதுமையானது. அதை வைத்து ரெக்கோட் அடிக்க முடியாது. ஆகவே அடுத்த அறையில் அதைக் கழுவி, அதன்மேல் வெள்ளி படியும் நீரைத் தெளிக்கிறார்கள். ஒரு நொடியில் கறுப்புத் தட்டு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. எனக்கு அங்கே அதிசயமாக இருந்தது இதுதான். பிறகு நிக்கல் கரைந்த தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மணித்தியாலங்கள் போக, வெள்ளியின்மேல் நிக்கல் கனமாகப் படிகிறது. நகைக்கு முலாம் பூசுவது போலத்தான், ஆனால் முலாமே தனித் தகடாகும்வரை விடுகிறார்கள். பிறகு ஓரத்தில் மெல்லிய தகட்டை நுழைத்துக் கையால் மெதுவாகப் பிரிக்கிறார்கள். பிரிந்து வரும் நிக்கல் தகட்டில், வரி இருந்த இடமெல்லாம் மேடாக இருக்கும். லாக்கர் தட்டு பெரும்பாலும் அதோடு பாழ்.

அந்த நிக்கல் தகட்டுக்கு இந்தத் தொழிலில் தந்தை என்று பெயர். தந்தையைத் திரும்பத் தொட்டியில் இட்டு அதன்மேல் இன்னொரு நிக்கல் தகடு வளர்க்கிறார்கள். அது தாய். தாயின்மேல் வளர்த்துப் பிரிப்பது பிள்ளை. அதைக் கொண்டுதான் தட்டு அடிப்பார்கள்.

நான் சிரித்துவிட்டேன். மகள் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்ணும் சிரித்தா. அவ வேலை செய்யும் பகுதி இதுதான். பிறகு அவ சொன்ன விஷயம் எனக்கு நெடுநேரம் மனதில் நின்றது. தந்தைத் தகட்டில் மேடு மட்டுமே இருப்பதால் அதன்மேல் ஊசி ஓடாது, அதைக் கேட்க முடியாது. பிள்ளைத் தகட்டையும் கேட்க முடியாது. தாயில்தான் பள்ளவரி இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் வாய் திறந்து பேசக்கூடியவள் தாய் ஒருத்தியே. ஆகவே தாயைத்தான் சுழலவிட்டுக் கேட்டுப் பார்த்து, எங்காவது ஒரு 'டிக்' சத்தம் கேட்டால், நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, கூரிய கருவியால் அந்தக் குறையைக் கையாலேயே திருத்துகிறார்கள். ஒரு தாயிலிருந்து பல பிள்ளைகள் எடுக்கலாம். ஒரு பிள்ளை ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள் அடித்ததும் தேய்ந்துவிடும். தாய் பத்திரமாக அலுமாரியில் இருந்தால் வருடங்கள் கழிந்தும் புதிய பிள்ளை எடுத்து அதே தட்டைத் திரும்ப அடிக்கலாம்.

நான் கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்னும் கேட்கவில்லை.

பிள்ளைத் தகட்டின் நடுவில் துளை போடுவது தனி வேலை. துளை ஒரு மயிரிழை நடுவிட்டு விலகினாலும் குரல் ஏறி இறங்கி ஆடும். ஆகவே வரியையே பார்த்துப் பார்த்து நடுவைக் கண்டுபிடிக்கிறார்கள். பின்புறத்தையும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கும் அழுத்தத்தில் பின்னால் உள்ள சொரசொரப்பு முன்னால் சத்தமாக வந்துவிடும்.

பிறகு அடிக்கும் மண்டபம். உள்ளே போனதும் முதலில் வெக்கை, பிறகு சத்தம். நீராவி சீறுகிறது, இரும்பு இறங்குகிறது, தண்ணீர் ஓடுகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட இயந்திரங்கள். சுவீடனில் டூலெக்ஸ் ஆல்பா என்ற கம்பனி செய்தவை. அந்தக் கம்பனி இவற்றை இப்போது செய்வதில்லை. ஆகவே பழைய இயந்திரங்களைத் தாங்களே பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். எண்ணெய்க் கையோடு ஒருவர் ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி நின்றார். எங்கள் ஊர் மில்லில் பார்த்த காட்சிதான்.

ரெக்கோட்டின் மூலப்பொருள் சின்னச் சின்ன மணிகளாக மூட்டையில் வருகிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசியின் உறவுப் பொருள். அதற்கு இயற்கையில் கறுப்பு நிறமில்லை. கரி சேர்ப்பதால்தான் கறுப்பு. சிவப்பு, பச்சை, கண்ணாடி போன்ற நிறத்திலும் இப்போது அடிக்கிறார்கள், வாங்குபவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று. மணிகள் சூடான உருளைக்குள் திருகாணி போன்ற ஒன்றால் தள்ளப்பட்டு, உருகி, இடியப்ப உரலிலிருந்து மா வருவது போல வெளியே வருகிறது. ஆனால் இழை இழையாக அல்ல, கொழுக்கட்டை பருமனில் ஒரு கட்டியாக. அதன் மேலும் கீழும் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதம் வைக்கப்படுகிறது.

காகிதம் என்றதும் ஒரு சங்கதி. அதற்குப் பசையே கிடையாது! சூட்டிலும் அழுத்தத்திலும் அது தட்டோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் காகிதத்தை முன்கூட்டியே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது ஆவியாகி, காகிதம் கொப்பளித்துக் கிழியும். ரொட்டிக்கும் நமக்கும் தெரிந்த பாடம்தான்.

கட்டி இரண்டு பிள்ளைத் தகடுகளுக்கு நடுவில் போகிறது. மேலே ஒரு பக்கத்தின் தகடு, கீழே மறுபக்கத்தின் தகடு. ஏறக்குறைய 100 தொன் அழுத்தத்தில் மூடுகிறது. தகடுகளுக்குப் பின்னால் முதலில் கொதிநீராவி ஓடுகிறது. கட்டி பரவி, ஒவ்வொரு வரிக்குள்ளும் புகுகிறது. உடனே அதே குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது, தட்டு இறுகுகிறது. இதெல்லாம் அரை நிமிடக் கணக்கு. திறந்ததும் விளிம்பில் பிதுங்கி நிற்பதைச் சுற்றி வெட்டி எடுத்தால் ரெக்கோட். வெட்டிய துண்டுகளைத் திரும்ப அரைத்து உபயோகிக்கிறார்கள்.

சனிக்கிழமைச் சந்தையில் இந்த நாட்டார் 'ஸ்ட்ரோப்வாபல்' என்று ஒரு பலகாரம் சுடுவதைப் பார்த்திருந்தேன். மா உருண்டையை இரண்டு சூடான இரும்புத் தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கி, விளிம்பை வட்டமாக வெட்டி, நடுவால் பிளந்து பாணி தடவுவார்கள். தட்டில் கட்டம் கட்டமாக வரி பதிந்திருக்கும். ரெக்கோட்டும் அதே வேலைதான், பாணி மட்டும் இல்லை. மகள் இதை மொழிபெயர்த்தபோது இயந்திரத்தடியில் நின்ற இளைஞன் ஏதோ சொன்னான். தினமும் பசிக்கிறதாம் அவனுக்கு.

வெளியே வந்த தட்டுகளை நேரே உறையில் போடுவதில்லை. ஒரு கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே கனமான உலோகத் தட்டு வைத்து ஆறவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். உள்ளே கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் விட்டால் வளைந்துவிடும் என்றா அவ.

அப்போதுதான் நான் பையைத் திறந்தேன்.

அவ கையுறையைக் கழற்றிவிட்டு, தட்டை விளிம்பில் இரு உள்ளங்கையாலும் பிடித்து வாங்கினா. மின்குமிழின் கீழ் சாய்த்துப் பார்த்தா. வளைவைப் பார்த்ததும் எதுவும் கேட்காமலே "வெயில்" என்றா. பிறகு நடுக் காகிதத்துக்கும் கடைசி வரிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை எனக்குக் காட்டினா. அங்கே ஊசியால் கீறியது போலச் சில எழுத்துகளும் இலக்கங்களும். இத்தனை வருடமாக அதைக் கீறல் என்றே நினைத்திருந்தேன். அது இந்தத் தட்டின் மூலத்தகட்டுக்கு வைத்த இலக்கமாம். லாக்கரில் எழுதுவது தந்தைக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் இறங்கி, அடிக்கும் ஒவ்வொரு தட்டிலும் வரும். "இதற்கு எங்கோ ஒரு தாய் இருந்திருக்கிறாள்" என்றா அவ. அந்தத் தாயோ, ஓதியபோது பதிந்த மூல நாடாவோ இருக்கும் இடத்தில், உரிமையுள்ளவர்கள் விரும்பினால் இதைத் திரும்ப அடிக்கலாம். இங்கே முடியாது. இந்தத் தட்டையே ஓடவிட்டு அதிலிருந்து புதிதாகக் கீறினால், வளைவில் ஊசி துள்ளுவதும் சேர்ந்தே பதியும்.

தட்டையாக்க முடியாதா என்றேன். சிலர் கண்ணாடிகளுக்கிடையில் வைத்து இளஞ்சூடு கொடுத்து அமுக்கிப் பார்ப்பார்களாம். ஆனால் அவ அதைச் செய்ய வேண்டாம் என்றா. தகடு பிடித்துக்கொண்டு இருக்கும்போது சூடு வந்தால் தட்டு வரியை வாங்கிக்கொள்ளும்; தகடு இல்லாமல் சூடு வந்தால் வாங்கியதையும் இழக்கும். வளைவை எடுக்கப் போய் நல்லாயிருக்கும் இடத்தையும் கெடுத்துவிடக் கூடாது.

வாப்பா அன்று சொன்னதைத்தான், நூறு தொன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பெண்ணும் சொன்னா. எனக்குக் கண் கலங்கியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டா.

வீடு திரும்பும் வழியில் மருமகன் சேர்ந்துகொண்டார். அவர் படித்தவர், என் மனதை வேறு பக்கம் திருப்ப நினைத்திருப்பார். குர்ஆன் ஓதலைப் பதிவு செய்ததன் பழைய தடயங்களில் சில இந்த லைடனில்தான் இருக்கின்றன என்று சொன்னார். ஸ்னூக் ஹுர்குரொன்யே என்ற ஒல்லாந்து அறிஞருக்காக, 1906 முதல் 1909 வரையிலான காலத்தில் ஜித்தாவில் மெழுகு உருளைகளில் பதிந்த ஓதல்களும் பாட்டுகளும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இந்த மனிதர் 1885இல் அப்துல் கப்பார் என்ற பெயரில் மக்காவில் தங்கியிருந்தவர். பிறகு ஆச்சே முஸ்லிம்களுக்கு எதிரான போரில் ஒல்லாந்து அரசுக்கு ஆலோசனை சொன்னவர். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என் நாக்கு வராது. ஆனாலும் அந்த உருளைகளில் ஓதியவர்கள் நம்மவர்கள். அதே காலத்தில், பெட்டியிலிருந்து வரும் ஓதலைக் கேட்பது ஓதலைக் கேட்டதாகுமா என்ற கேள்வி ஜாவாவில் எழுந்து, பத்தாவியாவின் செய்யித் உஸ்மான் என்ற ஆலிம் அதுபற்றி எழுதினார். எங்கள் மூத்தம்மா வாப்பாவின் பாட்டுப்பெட்டியைப் பார்த்து முணுமுணுத்ததற்கு அவ்வளவு பழைய வேர் இருந்திருக்கிறது!

அந்த முணுமுணுப்பைக் கடந்துதான் மிஸ்ரில் லபீப் அஸ்ஸஈத் என்பவருடைய முயற்சியால், ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிந்தார். 1961இல் அது ரெக்கோட் தட்டுகளாகவே வெளிவந்தது. முழுக் குர்ஆனும் ஒருவர் குரலில் பதிவானது அதுவே முதல் தடவை. இன்று நம் பிள்ளைகள் போனில் விரலால் தட்டிக் கேட்கும் ஓதலின் வரலாறு, சுடச்சுட அடித்த தட்டில் இருந்து வருவதுதான்.

மூன்றாம் நாள் இரவு, இஷாவுக்குப் பிறகு, கதவு தட்டியது. பக்கத்து வீட்டுப் பெண். கையில் ரெக்கோட் சுழற்றும் சின்னப் பெட்டியொன்று. ஊசியைப் புதிதாக மாற்றிக் கொண்டு வந்திருக்கிறா. அலைந்த விளிம்பைத் தொடாமல், உள்ளே இருக்கும் பகுதியை ஓடவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டா.

மேசையில் துணி விரித்து வைத்தோம். தட்டுச் சுழலத் தொடங்கியது. விளிம்பு எழும்பி எழும்பி இறங்கியது, மூச்சு வாங்குவது போல. அவ ஊசியைப் பிடித்து, வளைவு எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம், நான் என்னையறியாமல் ஓதத் தொடங்கியிருந்தேன். ஐந்து எழுத்தில் ஆரம்பிக்கும் அந்த முதல் ஆயத்திலிருந்து, வாப்பா நிறுத்தும் இடம்வரை. அவ நிமிர்ந்து பார்த்தா. ஊசியை இறக்காமல் நின்றா. நான் முடித்ததும் இறக்கினா. கரகரப்புக்கு நடுவிலிருந்து அந்தக் காரியின் குரல், நாற்பது வருடத்துக்கு மேல் போய், நான் விட்ட இடத்துக்குச் சற்று அப்பாலிருந்து தொடங்கியது. தொட்டிலில் பேரன் அசைந்துவிட்டுத் தூங்கினான்.

அந்தப் பக்கம் முடிந்தது. அவ தட்டைத் திருப்பிப் போட்டா. பிறகு ஊசியைக் கையில் பிடித்தபடி, என்னைப் பார்த்துக் காத்து நின்றா.